கணக்கில் சேராத மேலங்கி

ஜூன் மாதம். முழங்கால் வரை சேறு.
இருபத்தைந்து தப்படிக்கு ஒன்றாக
நாணல் குச்சி நட்டுக்கொண்டே போகிறோம்,
நானும் சேரிஞ்ஞும்.
குச்சியின் தலையில் விரல் நகத்தளவு ரப்பர்.
பெண் அந்துப்பூச்சி இரவில் சொல்லும் ஒற்றைச் சொல்லை
ஆய்வகத்தில் யாரோ காய்ச்சி
அதில் ஊறப் போட்டிருக்கிறார்கள்.
நம் மூக்குக்கு எட்டாது.
மேலங்கிப் பையிலிருந்து ஒன்றை எடுத்து முகர்ந்து
"இன்றைக்கும் ரப்பர்தான், சிந்தா" என்பான் சேரிஞ்,
தினமும்.

எப்ரோ ஆறு கடலில் கரையும் இந்தச் சமவெளிக்கு
முன்பு விமானம் வரும்.
துணியை உள்ளே எடு, ஜன்னலைச் சாத்து,
நாயைக் கட்டு.
மறுநாள் வாய்க்காலில் தவளைகள் மல்லாந்திருக்கும்.
இந்த மருந்து யாரையும் கொல்வதில்லை.
திரும்பிய பக்கமெல்லாம் பெண்ணின் அழைப்பு,
பெண்ணைத்தான் காணோம்.
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல்
ஆண்கள் விடியும்வரை அலைகிறார்கள்.
பத்தடி தள்ளி ஒரு நெல்தாளில்
உண்மையானவள் உட்கார்ந்தே இருக்கிறாள்.

வருத்தமில்லையா என்று கேட்காதீர்கள்.
தண்டைப் பிளந்து உள்ளே புழுவைப் பார்த்தவள் நான்.
மணி பிடிக்காத வெண்கதிர்
என்னமாய் நிமிர்ந்து நிற்கும் தெரியுமா,
குனிய அதற்கு ஒன்றுமில்லை.

என் வேலை கணக்கு.
செவ்வாய்தோறும் பொறியைத் திறந்து
ஒட்டுத்தாளில் சிக்கிய ஆண்களை எண்ணுவேன்.
பூஜ்யம், பூஜ்யம், இரண்டு, பூஜ்யம்.
பூஜ்யத்துக்குக் கைதட்டும் அலுவலகம்
வேறெங்கும் இருக்காது.

ஹிலாரியின் நிலம் மட்டும் நடுவில் ஓர் ஓட்டை.
கூட்டுறவில் எண்பது பேர் கையெழுத்திட்டார்கள்.
அவன் இடவில்லை.
"காற்றை விற்கிறீர்கள்" என்றான் கூட்டத்தில்,
என்னைப் பார்க்காமல்.
பதினோரு வருடம் அவன் மனைவியாய் இருந்தவள்.
அவன் என்ன காரணம் சொல்வான் என்பதும் தெரியும்,
எதைச் சொல்லமாட்டான் என்பதும்.
பூச்சிக்கு வரப்பு தெரியாதே.
அங்கே கூடியவள்
இங்கே வந்து முட்டையிடுவாள்.
அவன் வரப்பை ஒட்டிய ஆறு வரிசை
ஜூலைக் கடைசியில் வெளுத்தது.

ஆகஸ்டில், நள்ளிரவு தாண்டி, தொலைபேசி.
"உன் மேலங்கி கொட்டகை ஆணியில் தொங்குகிறது.
கிளம்பிய அன்று விட்டுப்போனது."
தெரியும் என்றேன்.
"பதினேழு பேர் வந்திருக்கிறார்கள் அதைத் தேடி."
பின்னணியில் கேட்டது,
மெல்லிய காகிதத்தை யாரோ கசக்குவதுபோல்.
நான் சிரித்துவிட்டேன்.
துவைத்துப் போடு என்றேன்.
"துவைத்தேன். இரண்டு தடவை."
பிறகு பேச்சில்லை.
போனையும் யாரும் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போனேன்.
அவன் வயலின் நட்டநடுவே, நாணலில்,
என் மேலங்கி கைவிரித்து நின்றது.
ஆற்றோடு இறங்கிவரும் மேல்காற்று
அதை ஊதிப் பெருக்கியிருந்தது,
உள்ளே ஆள் இருப்பதுபோல்.
"நான்கு ஹெக்டேருக்கு
ஒரு சட்டை எந்த மூலைக்கு?" என்றான் சேரிஞ்.
உண்மைதான்.
எந்தப் பாடப்புத்தகத்திலும் அதற்கு இடமில்லை.

பதிவேட்டிலும் அவன் நிலத்துக்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்:
மேலங்கி ஒன்று. ஆண்கள் பதினேழு.
அப்புறம் கிடங்கைத் திறந்து
மிச்சமிருந்த ரப்பர்களை எண்ணினேன்.
நூற்று இருபத்து நான்கு.
நான்கு ஹெக்டேருக்குச் சரியாக வரும்.
அவன் கேட்கவில்லை.
எண்ணினேன், அவ்வளவுதான்.